இகழ்ந்தவரின் சொற்கள்

தமிழ் இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்லும் கிறித்தவர் கேட்டுப் பழகிய ஏளனங்கள் சில உண்டு. "இவ்வளவு வாசித்த பிறகுமா கோயிலுக்குப் போகிறீர்கள்?" என்பது நாகரிகமானது. "பால்பவுடருக்கும் கோதுமைக்கும் மாறியவர்கள்தானே!" என்பது அவ்வளவு நாகரிகமில்லாதது. இவற்றுக்கு எப்படி மறுமொழி சொல்வது என்று கேட்கும் இளைய நண்பர்களுக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய வழக்கொன்றை நான் நினைவூட்டுவதுண்டு.

கி.பி. 178 வாக்கில் செல்சுஸ் என்ற தத்துவவாதி, கிறித்தவர்களைத் தாக்கிக் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பை 'மெய்யுரை' எனத் தமிழாக்கலாம். நன்கு படித்த மனிதரின் நக்கல் அது. இயேசு ரோமானியப் படைவீரன் ஒருவனுக்கு முறைகேடாகப் பிறந்தவர் என்று ஒரு யூதப் பாத்திரத்தைப் பேசவைத்தார். கம்பளித் தொழிலாளியும் செருப்புத் தைப்பவனும் வெளுப்பவனும் பிள்ளைகளையும் பெண்களையும் பிடித்துவைத்துப் பரப்பும் மதம் என்றார். கிறித்தவர்கள் குட்டையைச் சுற்றிக் கூட்டம் போடும் தவளைகளாம்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, நண்பர் அம்புரோசியுஸ் வற்புறுத்தியதால் ஓரிகன் இதற்கு மறுப்பெழுத அமர்ந்தார். முன்னுரையிலேயே தயங்குகிறார். பொய்ச்சாட்சிகளின் முன் இயேசு மௌனமாக நின்றார்; அந்த வாழ்வே பதிலாக இருக்கும்போது, தாம் எழுதும் பதில் அதன் வலிமையைக் குறைத்துவிடுமோ என்பது அவருடைய கவலை. இவ்வளவு தயங்கியவர் எட்டுப் பாகங்கள் எழுதினார் என்பது வேறு விஷயம்.

ஆனால் எழுதிய முறையைப் பாருங்கள். செல்சுஸின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்தெழுதி, அதனதன் கீழே பதில் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தத் தவளைகளைக்கூட விட்டுவிடவில்லை. செல்சுஸின் மூலநூல் பிற்பாடு அழிந்துபோயிற்று. இன்று அதில் நாம் வாசிப்பதெல்லாம் ஓரிகன் எடுத்தெழுதிய பகுதிகளே. குண்டலகேசியின் வாதங்களை நீலகேசியின் வழியாகவும் அதன் உரையின் வழியாகவும் தேட வேண்டியிருக்கும் நமக்கு இந்த விசித்திரம் புதிதல்ல.

ஓரிகன் எங்கும் பணிவாகவே பேசினார் என்று சொல்லமாட்டேன். அவர் குத்தும் இடங்களும் உண்டு. இன்று நிற்காத வாதங்களும் பல. ஆயினும் எதிராளியின் மிகக் கூரிய அம்பைத் தன் வாசகரிடமிருந்து மறைக்கவில்லை. அப்போது கிறித்தவர்களிடம் அரசதிகாரம் கிடையாது. 250-இல் தேசியுஸ் பேரரசன் காலத்து அடக்குமுறையில் ஓரிகனே சிறையில் வதைக்கப்பட்டார்.

அதிகாரம் கைக்கு வந்தபின் நடந்தது வேறு. செல்சுஸைவிட ஆழமாகத் தாக்கியவர் போர்பிரி. அவருடைய நூலை எரிக்கும்படி 448-இல் பேரரசாணை பிறந்தது. நூல் போயிற்று, துணுக்குகள்தாம் மிச்சம். அவருக்கு மறுப்பெழுதிய மெத்தோதியுஸ், யூசேபியுஸ், அப்போலினாரியுஸ் ஆகியோரின் நூல்களும் இன்று முழுமையாக இல்லை. கேள்வி காணாமற்போன பிறகு பதிலைப் படியெடுக்க யாருக்கு அக்கறை?

2006-இல் 'டாவின்சி கோட்' திரைப்படத்துக்குத் தமிழக அரசு தடை விதித்தபோது நம்மவர்களில் பலர் மகிழ்ந்தார்கள். உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அந்த மகிழ்ச்சி 448-ஐச் சேர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

பால்பவுடருக்கு வருகிறேன். செருப்புத் தைப்பவர்கள் எங்களிடம் இல்லை என்று ஓரிகன் மறுக்கவில்லை. எளியவர்களையும் அழைக்கிறோம் என்றார். நண்பர்களே, நீங்களும் மறுக்க வேண்டாம். பசித்தவர்கள் வந்தார்கள். சிலர் சோற்றுக்காக, சிலர் பள்ளிக்கூடத்துக்காக, சிலர் யாரும் தங்களை விலகி நில் என்று சொல்லாத ஓரிடத்துக்காக. அந்த இடமும் பல ஊர்களில் முழுமையாகக் கிடைக்கவில்லை. கல்லறையில்கூடச் சாதிச்சுவர் எழுப்பினோம். ஏளனம் செய்பவர் இதைச் சொல்லும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடலாம். பசியோடு வந்தவரின் பேரப்பிள்ளை ஏன் இன்னும் முழந்தாளிடுகிறார் என்பது அதற்கப்பால் தனிக்கேள்வி. நண்பர் அதைக் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காமல் சிரித்தால் சிரிக்கட்டும். தேநீர் ஆறுவதற்குள் அவர் கையிலிருக்கும் நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுங்கள்.