பட்டம் எதற்கு, இறையியல் எதற்கு?

சேலம், நாமக்கல் பக்கம் மதிப்பெண்ணும் ஒரு பயிர். விடுதிப் பள்ளியில் விதைத்து, பொறியியல் கல்லூரியில் அறுக்கிறார்கள். ஓமலூர் கோகுல்ராஜும் பொறியியல் படித்தவர்தான். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குப் போனவரைச் சாதிவெறிக் கும்பல் கடத்திக் கொன்று, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் போட்டது. 2022இல் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. சுற்றியிருந்த படித்த சமூகத்தின் சாதியையும் அது கரைக்கவில்லை.

அப்படியானால் உயர்கல்வி எதற்கு? 1980களின் தொடக்கத்தில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் கேட்டார்: பார்ப்பன மரபோடு உரையாடும் இந்தியக் கிறித்தவ இறையியலில் தலித் எங்கே? அந்தக் கேள்வியில் தலித் இறையியல் பிறந்தது. ஒடுக்கப்பட்டவரைக் கேள்வி கேட்பவராக்குவதே உயர்கல்வியின் வேலை.

ஆனால் அந்தக் கேள்வி இறையியல் கல்லூரிகளின் மதிலைத் தாண்டி, திருச்சபைகள் நடத்தும் கலை, பொறியியல் கல்லூரிகளுக்குப் பெரிதாக வரவில்லை. அரசமைப்பின் 15(5) பிரிவு, சேர்க்கை இடஒதுக்கீட்டிலிருந்து சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. சிறுபான்மை உரிமைக்காக நாமும் நிற்போம். அதன் மறைவில் சாதி ஒளிந்துகொள்ள விடமாட்டோம். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா?

தோழர்களே, உங்கள் கல்லூரியில் கேளுங்கள்: எத்தனை தலித் மாணவர்? எத்தனை தலித் பேராசிரியர்? எத்தனை தலித் முதல்வர்? எல்லா மனிதரும் கடவுளின் சாயல் என்று காலை ஜெபத்தில் சொல்பவர்கள், அந்தச் சாயலைச் சேர்க்கைப் பட்டியலிலும் ஊதியப் பட்டியலிலும் காட்டட்டும்.