விருந்துக்குப் பின்னே உழைப்பு

விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே சென்று உண்டு மகிழ்வது நல்ல வழக்கமே. வயிற்றோடு கண்ணுக்கும் விருந்தளிக்கும் உணவகங்கள் சில நாடுகளில் உள்ளன. அமெரிக்காவில் 'மெடிவல் டைம்ஸ்' என்னும் நிறுவனம் 1983ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்திலும், 1986ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்திலும் இத்தகைய உணவகங்களைத் திறந்தது.

கோட்டை போன்ற கட்டடம். நடுவே மணல் பரப்பிய களம். சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். சூப்பும் கோழி வறுவலும் மேசைக்கு வரும், முட்கரண்டி வாராது. பழங்கால ஐரோப்பியரைப் போல அனைவரும் கையாலேயே உண்பர். களத்திலோ அந்தலூசியக் குதிரைகள் இசைக்கேற்ப அடியெடுத்து வைக்கும். வீரர்கள் குதிரைமீது விரைந்து வந்து ஈட்டியால் பொருதுவர். காண்போர் தத்தம் நிறத்து வீரனுக்காக ஆரவாரம் செய்வர். பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கேட்கவும் வேண்டுமோ?

ஆயினும், அம்மகிழ்ச்சிக்கிடையே பிள்ளைகளுக்குப் பெற்றோர் உணர்த்த வேண்டியது ஒன்றுண்டு என்பது எம் கருத்து. குதிரை இயல்பிலேயே மருளும் விலங்கு. பேரொலிக்கு அஞ்சாது நிற்க அதனைப் பழக்குவதற்கு நெடுநாள் பொறுமை வேண்டும். இலாயத்தைக் கூட்டுபவர், தீனி வைப்பவர், பயிற்சியளிப்பவர், களத்தில் விழுந்து எழுபவர் என எத்தனை பேரின் உழைப்பு! அந்தக் கலிபோர்னியா உணவகத்தின் வீரர்களும் இலாயப் பணியாளர்களும் 2022ஆம் ஆண்டு தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர். நல்ல ஊதியமும் பாதுகாப்பும் வேண்டி 2023 பிப்ரவரி முதல் நவம்பர் வரை வேலைநிறுத்தமும் செய்தனர்.

தோட்டத்துப் பெற்றோருக்கு இது விளங்காத செய்தியன்று. ஓடும் காரின் சக்கரத்தைப் பார்ப்பவர், விடியுமுன் பால்மரம் சீவிய கையை நினைப்பதில்லை. நம் உழைப்பைப் பிறர் மதிக்க வேண்டுமென விரும்பும் நாம், பிறர் உழைப்பையும் வாயில்லாச் சீவனின் உழைப்பையும் மதிக்க வேண்டாமா?

ஆகவே, மாணவச் செல்வங்களே! குதிரையையோ யானையையோ காணச் சென்றால் கூச்சலிட்டு அதனை மிரட்டாதீர். அதற்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் உண்டா என்று பாருங்கள். பரிமாறியவருக்கு நன்றி கூறுங்கள். பெற்றோர்களே! நொண்டும் விலங்கை அடித்து ஓட்டிக் காசு பார்க்கும் இடத்திற்கு மறுமுறை செல்லாதீர். நாம் கொடுக்கும் காசு நல்லதை வளர்க்கும்; தீயதையும் வளர்க்கும். எதை வளர்ப்பது என்பது நம் கையில்தான் உள்ளது.