வீட்டு வேலை இனிக்க வேண்டுமா? முதலில் விருந்தாளிகளை எழுப்புவோம்



விடுமுறை தொடங்கினால் உம்மாமாரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பிள்ளைகளை வீட்டு வேலையில சந்தோஷமாச் சேர்த்துக்கொள்றது எப்படி?" பதில்களும் வரிசையாக வரும். அட்டவணை போடுங்கள். நட்சத்திரம் ஒட்டுங்கள். கோப்பை கழுவினால் ஐம்பது ரூபாய் கொடுங்கள்.

நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் வகுப்பறையில் பிள்ளைகளோடு பழகும் எங்களுக்கு வேறொன்று தோன்றுகிறது. வேலை கசப்பதற்கு வேலை காரணமில்லை. ஐந்து பேர் சாப்பிட்ட கோப்பைகளை ஒருவர் தனியே நின்று கழுவ, மற்ற நாலு பேரும் போன் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கசப்பு.

கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். மூடை வெங்காயத்தைச் சுற்றி உட்கார்ந்து உரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். அதே பெண் மறுநாள் தன் குசினியில் நாலு வெங்காயம் உரிக்கும்போது சலித்துக்கொள்கிறாள். வெங்காயம் மாறவில்லை, கூட்டம்தான் இல்லை.

எங்கள் மூத்தம்மாமார் இதை அறிந்திருந்தார்கள். பன் பாய் இழைத்தாலும் நெல் குற்றினாலும் நாலு பேராகக் கூடித்தான் செய்தார்கள். வயல் வேலைக்கென்றே கவிகள் இருந்தன. காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறி ஓடிய வீடுகளில் நெய்வது ஒருவர், நூல் சுற்றுவது இன்னொருவர் என்று வேலை பங்குபட்டது. இன்றைக்கும் வாவி இறால் ஒரு கிலோ வாங்கி வந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உரித்தால் பத்து நிமிட வேலை. தனியாக உரித்தால் முதுகு வலி.

அப்படியானால் ஏன் எல்லோரும் உட்காருவதில்லை? இங்கேதான் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எங்கும் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா பாடுபட்டு மகளுக்கு வீடு கட்டுகிறார், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிறார். பெண்ணின் உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் அடுத்த வளவில் இருப்பார்கள். பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடு பெண்ணின் பேரில் என்பதால் வீட்டு வேலையும் பெண்ணின் பேரிலேயே எழுதப்பட்டுவிட்டது.

எங்கள் ஆண் பிள்ளையின் வாழ்க்கையைப் பாருங்கள். உம்மாவின் வீட்டில் அவன் "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவன்", அதனால் ஒரு வேலையும் சொல்வதில்லை. மனைவியின் வீட்டில் அவன் மாப்பிள்ளை, அதனால் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அவன் கோப்பையைக் கையில் எடுத்தால் மாமி பதறுகிறார்: "வைங்க மருமகன், ஊர் என்ன சொல்லும்!" இரண்டு வீட்டிலும் விருந்தாளி. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த வீட்டின் அலுப்பும் தெரியாது, இன்பமும் தெரியாது.

ஆண்களுக்குத் தெரியாத வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். கத்தாரிலும் சவூதியிலும் ஓர் அறையில் ஆறு பேராக இருந்து, முறை வைத்துச் சமைத்து, தம் உடுப்பைத் தாமே கழுவியவர்கள் எங்கள் காக்காமார். ஆணம் நன்றாகவே வைப்பார்கள். ஊருக்கு வந்து இறங்கியதும் கதிரையில் இருந்து தண்ணீர் கேட்கிறார்கள்.

மார்க்கம் இதைச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுப் போவார்கள் என்று சொன்னதாக புஹாரியில் வருகிறது. பயானில் இதைக் கேட்டு 'சுப்ஹானல்லாஹ்' சொல்லும் நாங்கள், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

2017 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எங்கள் நாட்டில் முதன்முதலாக நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றைச் செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிக நேரம் போகிறது என்றது அது. ஆசிரியர் குடும்பங்களைப் பார்த்தாலே போதும். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவர் காற்றாடிக்குக் கீழே, மற்றவர் அடுப்புக்கு முன்னால்.

இனி பிள்ளைகள் விடயம். கல்வியியற் கல்லூரியில் எல்லோரும் மரியா மொண்டிசோரியைப் படித்திருக்கிறோம். 1907 இல் ரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய சிறுவர் இல்லத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு அவர்களின் கைக்கு அளவான உண்மையான பொருட்களைக் கொடுத்தார். கூட்டுவதும் துடைப்பதும் கழுவுவதும்தான் அங்கே பாடம். எங்கள் ஊரில் பாலர் பாடசாலை என்றாலே மொண்டிசோரி என்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டில் தும்புத்தடியைத் தொட்டால் பறித்து வைக்கிறோம்.

ஜெர்மனியில் வார்னேக்கன், டொமாசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006 இல் ஒன்றைக் காட்டினார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைகூட, பெரியவர் கை எட்டாமல் தவித்தால், யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறது. 2008 இல் இன்னொன்று: உதவிக்குப் பரிசு பெற்ற பிள்ளைகள், பரிசு நின்றதும், பரிசு பெறாத பிள்ளைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். ஐம்பது ரூபாய் யோசனையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான். மூன்று வயதில் "நானும் திருவுறேன்" என்று தேங்காயோடு வருபவனை "போ, போய் விளையாடு" என்கிறோம். பதின்மூன்று வயதில் அதே பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம்.

"புலமைப்பரிசில் இருக்கு, படிக்கிற பிள்ளை" என்பார்கள். அந்தப் பிள்ளைதான் பாடசாலையில் முறை வைத்து வகுப்பைக் கூட்டுகிறது, குப்பை அள்ளுகிறது. கூட்டாளிகளோடு செய்வதால் அது வேலையாகவே தெரிவதில்லை. அதனால் எந்தப் பிள்ளையும் பெயிலானதில்லை.

ஆகவே, நாங்கள் சொல்ல விரும்புவது சில விடயங்கள்தான்.

'உம்மாவுக்கு உதவி' என்ற சொல்லை விடுவோம். உதவி என்றால் அது உம்மாவின் வேலை என்றாகிவிடுகிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்வோம். இஷாத் தொழுது சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம், எல்லாப் போனும் ஓர் இடத்தில். வாப்பா கழுவ, மகன் துடைக்க, மகள் அடுக்கட்டும். கதை தானாக வரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வதும் அந்த இருபது நிமிடத்தில்தான்.

கடைக்கு ஓடுவது மட்டும் ஆண் பிள்ளையின் பங்கு என்று வைக்காமல், முழு வேலை ஒன்றை ஒப்படைப்போம். வெள்ளிக்கிழமைச் சம்பல் அவனுடையது என்றால் தேங்காய் உடைப்பது முதல் அம்மி கழுவுவது வரை அவனே. உறைப்புக் கூடினாலும் எல்லோரும் சாப்பிடுவோம்.

மாமிமாருக்கு ஒரு வேண்டுகோள். மருமகன் கோப்பையைக் கையில் எடுத்தால் பறிக்காதீர்கள். ஊர் ஒரு கிழமை பேசும், உங்கள் மகள் ஆயுள் முழுக்க துஆச் செய்வாள்.

றமழானில் எங்கள் பாடசாலைகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் முழு நாளும் வீட்டில். அஸருக்குப் பிறகு கஞ்சியும் சமூசாவுமாக ஒரு பெண் மட்டும் நோன்போடு அடுப்படியில் வேகும் மாதமாக அதை ஆக்காமல், சமூசா மடிக்க எல்லாக் கையும் கூடும் மாதமாக ஆக்குவோம். நோன்பு திறக்கும் நேரம் துஆக் கேட்கும் நேரம். அந்த நேரத்தில் உம்மாவும் ஸுப்றாவில் எங்களோடு அமர்ந்திருக்கட்டும்.