நாட்டின் பெயரைச் சொல்லிக் காட்டை அழிக்காதீர்கள்

"முதலில் நாடு, அப்புறம்தான் காடு" என்ற பேச்சு டீக்கடை பெஞ்சில் இருந்து தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் வேரூன்றிவிட்டது. ராணுவம், ஏவுகணை, எல்லைச் சாலை என்றால் பாதுகாப்பு. யானை, மரம், அருவி என்றால் பொழுதுபோக்கு. இரண்டும் மோதினால் காடுதான் வழிவிட வேண்டுமாம். இப்படிச் சொல்பவர்களின் நாட்டுப்பற்றை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறு நாட்டைத்தான் முதலில் பலவீனமாக்கும்.

இந்தப் பேச்சு இப்போது சட்டமாகவும் ஆகிவிட்டது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நாட்டுப் பாதுகாப்புக்கான சாலை, ரயில் பாதை போன்றவற்றுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. பாதுகாப்புக் கட்டுமானம் என்றால் 10 ஹெக்டேர் வரை எங்கேயும் விலக்கு. 2023 டிசம்பர் 1 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

பதினாறே நாளில் எங்கள் தாமிரபரணிக் கரை மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போக, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். எதிரி யாரும் எல்லை தாண்டவில்லை. ஆனாலும் முப்படையும் வந்து நின்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது, சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தை ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவுதான் இரவு பகலாகக் கட்டியது.

95 சென்டிமீட்டரை எந்தக் காடும் முழுசாகத் தாங்காது, உண்மைதான். ஆனால் மழை எவ்வளவு வேகத்தில் கீழே இறங்குகிறது, இறங்கும்போது எவ்வளவு மண்ணை இழுத்து வருகிறது என்பதைக் காடுதான் தீர்மானிக்கிறது. இதைக் குற்றாலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே வரும், சாரல் விழும். அந்தத் தண்ணீரை மேலே மரங்களும் சருகும் பிடித்து வைத்து, மெள்ள மெள்ள விடுவதால்தான் மழை ஓய்ந்த பிறகும் அருவி விழுகிறது. மேலே அடித்துப் பெய்தால் பேரருவி முதலில் கலங்கும். சுள்ளியும் சருகுமாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கும். பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டத் தொடங்குவதற்குள் போலீஸ்காரர்கள் விசிலடித்து ஆட்களை வெளியே விரட்டிவிடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துச் சென்றது.

அருவித் தண்ணீர் குளிப்பதோடு முடிந்துபோவதில்லை. அது சிற்றாறாக ஓடிக் குளம் குளமாக நிரப்பி, மறுகால் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து 20 எம்ஜிடி (நாளொன்றுக்கு 2 கோடி கேலன்) திட்டத்தில் தூத்துக்குடி ஆலைகளுக்குப் போவதும் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் விஜயநாராயணம் கடற்படைத் தளம் என்று நாடு தன் முக்கியமான நிலையங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுற்றிய இந்தச் சீமையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. மலை கெட்டால் இவற்றுக்கு முள்வேலி மட்டும் போதுமா?

மலை எப்படிக் கெடுகிறது என்று தெரிய, கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச்சாவடிக்கு ஒருநாள் ராத்திரி போய் நின்று பாருங்கள். ரேஷன் அரிசி கடத்துகிறார்களா என்று வண்டி வண்டியாகப் பார்ப்பார்கள்; பார்க்கத்தான் வேண்டும். அதே ரோட்டில், எஸ் வளைவில், தென்காசி மாவட்டத்துக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளாவுக்கு உறுமிக்கொண்டு ஏறுகின்றன. பர்மிட் இருக்கிறதா, பாரம் கூடியிருக்கிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஒரு குன்று இல்லாமல் போனால் அதை நம்பியிருக்கும் குளத்துக்கும் கிணற்றுக்கும் என்ன ஆகும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

"அப்படியானால் எல்லையில் ரோடு போட வேண்டாமா?" என்று கேட்பார்கள். போடத்தான் வேண்டும். ஆனால் சரிகிற மலையில் போட்ட ரோட்டில் பீரங்கி போகாது. சீன எல்லைக்குப் போகும் வழியிலுள்ள ஜோஷிமட்டில் மரம் வெட்டாதீர்கள், பாறையைப் பெயர்க்காதீர்கள் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-லேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் அந்த ஊர் விரிசல் விட்டது. ராணுவத்தின் கட்டடங்கள் இருபதுக்கும் மேல் விரிசல் கண்டன, வீரர்களை இடம் மாற்றினோம் என்று அன்றைய தலைமைத் தளபதி மனோஜ் பாண்டேயே சொன்னார். மலையைக் காடுதான் காக்கும் என்பது ராணுவத்துக்குப் புதிய செய்தியும் அல்ல. பிரதேச ராணுவத்தில் மரம் நடுவதற்கென்றே 1982-இல் ஒரு படையணி அமைத்தார்கள். சுண்ணாம்புக்கல் குவாரிகள் மொட்டையடித்த முசூரி மலையில் மறுபடி காடு வளர்த்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தான். காட்டைத் தடையாகப் பார்ப்பவர்கள் சீருடை போட்டவர்களைவிட, அவர்கள் பெயரைச் சொல்லி ஒப்பந்தம் தேடுகிறவர்களாகவே எனக்குத் தெரிகிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மத்திய அரசு அமைத்த காட்கில் குழு அறிக்கை கொடுத்தது 2011-இல். அந்த மலையில் காக்கப்பட வேண்டிய சூழல் கூருணர்வுப் பகுதிக்கான அறிவிக்கை 2024 ஜூலை 31 அன்று ஆறாவது முறையாக வந்தது. அப்போதும் வரைவுதான். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். சுற்றுச்சூழல் துறையும் மாநிலங்களும் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிற விஷயமாக இதை விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு அமைச்சகமும் அந்த மேசைக்கு வந்து, வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் படைகளை அனுப்புவதில் ஆண்டுதோறும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கோடு இறுதி அறிவிக்கையைக் கேட்கட்டும்.