சீட்டு இல்லாத சரக்கு

ஒரகடத்தில் ஒரு வென்டர் கம்பெனியின் ஸ்டோர்ஸில் ஐந்து வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அங்கே நான் வாங்கிய பெரிய திட்டு ஒரு சைபருக்காக. பார்ட் நம்பரின் நடுவில் வரவேண்டியது ஆங்கில ‘ஓ’. லேபிள் அடித்த பையன் சைபர் அடித்துவிட்டான், நானும் பார்த்து ‘ஓகே’ போட்டுவிட்டேன். வாங்குகிற கம்பெனியின் ஸ்கேனர் ஏற்கவில்லை. ஒரு வண்டி நிறைய பிராக்கெட் ராத்திரி வரை கேட்டில் நின்று, அப்படியே திரும்பி வந்தது. பொருளில் ஒரு கீறல் கிடையாது. சீட்டுதான் தப்பு.

தமிழ் எண்களில் கணக்கு எழுதியவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கும். ‘௧’ ஒன்றா ககரமா, ‘௭’ ஏழா எகரமா என்பது இடத்தைப் பார்த்தால்தான் தெரியும். கணக்குப்பிள்ளைக்கு இடம் பார்க்கத் தெரியும். ஸ்கேனருக்குத் தெரியாது.

இது ஞாபகம் வரக் காரணம் என் அக்கா மகன். வல்லம் வடகாலில் வேலை. அவன் உட்பட மாத்தூரில் ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று பேர் கூட்டாகக் கொஞ்சம் பிட்காயின் வாங்கி வைத்திருக்கிறார்கள். லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, விற்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் அதில் முதலீடு செய்வது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஏற்பாடு. மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும். ஒருவன் இப்போது ஓசூரில், இன்னொருவன் குஜராத்தில். மூவரிடமும் இருப்பவை, சாவியை வைத்துக் கையெழுத்துப் போடும் மூன்று வெவ்வேறு கம்பெனிக் கருவிகள்.

“ஒருத்தன் பாதி கையெழுத்து போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புவான் மாமா, இன்னொருத்தன் மீதியப் போடுவான். அதுல சாவி எதுவும் கிடையாது, பயப்படாதீங்க.”

“அட, இது ஜாப் கார்டுடா” என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

ஜாப் கார்டேதான். ஒரு ஷாஃப்ட் ஃபோர்ஜிங்கில் பிறந்து, மெஷினிங் போய், ஹீட் ட்ரீட்மென்டுக்கு வெளியே போய், பிளேட்டிங் முடிந்து வரும்வரை ஓர் அட்டை கூடவே வரும். ஒவ்வொரு இடத்திலும் தன் கட்டத்தை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அட்டை தொலைந்தால் சரக்கு இரும்புதான், பார்ட் இல்லை. பிட்காயினில் இந்த அட்டைக்கு முதலில் பொது வடிவமே கிடையாது. ஒவ்வொரு கருவிக்காரரும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தார். ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் தொடர முடியாது. 2017-ல் ஏவா சோ என்ற நிரலாளர் பி.எஸ்.பி.டி. என்ற வடிவத்தை முன்வைத்தார். ‘பகுதி கையெழுத்திட்ட பரிவர்த்தனை’ என்று அதைச் சொல்லலாம். எந்தப் பணத்திலிருந்து எடுக்கிறோம், அது எவ்வளவு, யாருக்குப் போகிறது, மீதிச் சில்லறை திரும்பி வருவது நம் முகவரிக்குத்தானா என்று கையெழுத்துப் போடுகிறவன் சரிபார்க்க வேண்டிய விவரமெல்லாம் அதற்குள்ளேயே கட்டம் கட்டமாக வரும்.

அதில் ஒரு விதி என்னை எழுந்து நிற்க வைத்தது. தனக்குப் புரியாத கட்டம் ஒன்று அட்டையில் இருந்தால் கருவி அதை அழிக்கக் கூடாது, அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முகவரி விஷயத்திலும் பிட்காயின்காரர்கள் பட்டுத்தான் திருந்தியிருக்கிறார்கள். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரோ, அவர் ஸ்டோர்ஸில் திட்டு வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அவர் வைத்த எழுத்துவரிசையில் சைபர், பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’, சின்ன ‘எல்’ நான்குக்கும் இடமில்லை. குழம்பக்கூடியதைத் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது 58. ஆனாலும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வந்ததால் போனில் வாசிக்க முடியவில்லை. 2017-ல் பீட்டர் வுய்ல், கிரெகரி மேக்ஸ்வெல் இருவரும் 32 எழுத்துகளோடு வேறொரு முறை கொடுத்தார்கள். ஒரே அளவு எழுத்து, முகவரியில் நான்கு எழுத்துவரை தப்பாகப் போனாலும் நிச்சயம் பிடித்துவிடும் கணக்கு. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. கடைசி எழுத்து ‘பி’யாக இருந்தால் அதற்கு முன்னால் ‘க்யூ’வைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அந்தக் கணக்கு கண்டுகொள்ளாது. பிறகு ஒரு மாறிலியை மாற்றித் திருத்தினார்கள்.

சரி, அந்த பி.எஸ்.பி.டி. அட்டை கருவிக்குள் எப்படிப் போகிறது என்று அக்கா மகனைக் கேட்டேன். போன் திரையில் ஒரு க்யூ.ஆர். கட்டம் படபடவென்று மாறிக்கொண்டே இருந்தது, கருவியின் கேமரா அதை முறைத்துக்கொண்டிருந்தது. ஒயர் இல்லை, இன்டர்நெட் இல்லை. மிகப் பெரிய க்யூ.ஆரில்கூட 2,953 பைட்டுக்கு மேல் அடங்காது. அட்டை அதைத் தாண்டினால் துண்டு போட்டு வரிசையாகக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு துண்டு தவறிவிட்டால்? துண்டுகளை ஒன்றோடொன்று கலந்து அனுப்புகிறார்கள், போதுமான அளவு சேர்ந்ததும் முழுதும் கிடைத்துவிடும். எந்தக் குடம் முதலில் வந்தது என்று தொட்டி கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

க்யூ.ஆர். பிறந்ததே நம் மாதிரி ஆட்களுக்காகத்தான். 1994-ல் ஜப்பானின் டென்சோ கம்பெனியில் மசாஹிரோ ஹாரா குழு, கார் உதிரி பாகப் பெட்டிகளைக் கண்காணிக்க உருவாக்கியது. பெட்டிக்குப் பல பார்கோடு ஒட்டி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அலுத்துப்போனவர்களின் புலம்பல்தான் வித்து. காப்புரிமை கையில் இருந்தும், தரத்தின்படி பயன்படுத்துகிறவர்களிடம் டென்சோ அதைக் காட்டவில்லை. இல்லையென்றால் ஒரகடம் கூட்டுரோடு டீக்கடைக்கு அது வந்திருக்குமா? அந்தக் கடையில் ஒரு காலத்தில் மூன்று க்யூ.ஆர். அட்டைகள் தொங்கின, ஒவ்வொன்றும் பணம் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு. தனித்தனி க்யூ.ஆரை விட்டுவிட்டு 2022 மார்ச் 31-க்குள் எல்லோரும் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாறச் சொல்லி 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்போது கடைக்காரர் எந்த ஆப் என்று கேட்பதே இல்லை.

வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், 2024 ஜூலை 18-ஐப் பார்க்க வேண்டும். வாசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது அன்றுதான். பலர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் திறக்கும் பெட்டி அது. திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்றது வாசிர்எக்ஸ். திரையைக் கொடுத்த லிமினல் கம்பெனி, தன் அமைப்பு உடைக்கப்படவில்லை என்று மறுத்தது. யார் சொல்வது சரியோ, போட்டவர்கள் போட்டது என்னவென்று தெரியாமல் போட்டிருக்கிறார்கள். டிரைவர் ஹார்ன் அடிக்கிறான் என்று பெட்டியை எண்ணாமல் டெலிவரி சலானில் சைன் போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசிர்எக்ஸில் கிரிப்டோ முடங்கிய ஒருவரின் வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான் என்று சொன்னது.

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எதிரில்தான் தன் பங்கைப் போட்டான். கருவியின் சின்னத் திரையில் முகவரி முழுதும் தெரிய நான்கு முறை நகர்த்த வேண்டியிருந்தது. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தைப் பார்த்தால் போதாதா என்றேன். “நீங்களே இப்படிக் கேட்கலாமா மாமா?” என்றான். பிறகு ஓசூர்க்காரனுக்குப் போன் போட்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தான். அந்தப் பக்கம் மெஷின் சத்தம்.

“லைன்ல நிக்கிறேன்டா, செகண்ட் ஷிஃப்ட். ராத்திரி வந்து போடுறேன்.”

யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்துக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில், இரண்டில் ஒரு கையெழுத்தோடு அந்த அட்டை ராத்திரி வரை வாட்ஸ்அப்பில் கிடந்தது.