சங்கக்காரவின் உரையை முழுசாக் கேளுங்கோ

இலங்கையா இந்தியாவா எண்டு கேட்டால் எங்கட பெடியளுக்குள்ள சண்டை வரும். குமார் சங்கக்கார எண்டால் வராது. 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், 38 சதங்கள். அந்தக் கவர் டிரைவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நாங்கள் இங்கே கதைக்க நினைப்பது அவர் தலைவராக இருந்த காலத்தை.

2009 மார்ச் 3, லாகூரில் இலங்கை அணியின் பேருந்தைச் சுட்டார்கள். சங்கக்காரவின் தோளில் சிதறல் பாய்ந்தது. அதே நாட்களில் எங்கட சனம் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் இருந்தது. ஜூன் 21, லோர்ட்ஸில் இருபதுக்கு 20 உலகக்கிண்ண இறுதிப்போட்டி. புதுத் தலைவர் ஆட்டமிழக்காமல் 64 எடுத்தும் பாகிஸ்தான் வென்றது. அப்ப நாங்கள் செட்டிகுளம் முகாமில் தண்ணி வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள். அந்த ஆட்டத்தைப் பிறகு யூடியூப்பில்தான் பார்த்தோம்.

2011இல் மும்பை இறுதிப்போட்டியும் தோல்வி. தலைமையை விட்டார். அந்த ஜூலையில், அதே லோர்ட்ஸில் கௌட்ரி உரை. அணியில் விளையாடிக்கொண்டே கிரிக்கெட் சபையை விமர்சித்தார். அதுக்கே துணிவு வேணும். 83 கலவரத்தில் கண்டி வீட்டில் பெற்றோர் தமிழ்க் குடும்பங்களை ஒளித்துவைத்ததையும் சொன்னார். அவருக்கு அப்ப ஐந்து வயது. கூட்டாளிமார் நாள் முழுக்க வீட்டில நிக்கினம் எண்டு சந்தோசப்பட்டாராம். வெட்கப்படாமல் அதைச் சொன்னது எங்களுக்குப் பிடிச்சுது.

இன்னொரு கதையும் அதில் இருக்கு. லாகூருக்குப் பிறகு கொழும்புச் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் அவரின் காயத்தை விசாரித்தாராம். தான் செத்தாலும் அது தன்ர வேலை, நீங்கள்தான் வீரர் எண்ட மாதிரிச் சொன்னாராம். சங்கக்கார நெகிழ்ந்துபோனார். நாங்கள் அந்த இடத்தில வீடியோவை நிறுத்திவிட்டோம். எங்களுக்குச் சோதனைச்சாவடி எண்டால் இறங்கி நட, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு. அவர் பொய் சொல்லேல்லை. ஆனால் அவர் நின்ற சாவடியும் எங்கட அம்மாமார் நின்ற சாவடியும் ஒண்டில்லை.

நான் தமிழன், சிங்களவன், முஸ்லிம், பறங்கியன் எண்டு அவர் முடிக்கிற துண்டை மட்டும் வெட்டி அனுப்புகினம், கிரிக்கெட் எல்லாரையும் ஒண்டாக்கிப்போட்டுது எண்டு. எங்களுக்கு அந்த முடிவை விட 83 வீட்டுக்கதைதான் பெரிசு. அங்க ஒருத்தரும் ஒற்றுமையைப் பற்றிக் கதைக்கேல்லை, கதவைத் திறந்தவை. அடுத்தமுறை ஆராவது அந்தத் துண்டை அனுப்பினால், முழு உரையையும் திருப்பி அனுப்புங்கோ. சிப்பாய்க் கதையையும் தாண்டாமல் கேக்கச் சொல்லுங்கோ.