ஆசான்மார் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்!

சிலம்பத்தைப் பற்றிப் பேச மேடையேறும் எவரும் "ஐயாயிரம் ஆண்டுக் கலை" என்று தொடங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கைதட்டலும் தவறாமல் கிடைக்கிறது. அந்த ஐயாயிரம் ஆண்டைப் பற்றி வழக்காட நாம் இங்கே வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் எண்பது ஆண்டுக் கணக்குத்தான். செலாயாங், பத்துமலை, குவாங், ரவாங் வட்டாரத்துத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்புறத்து மண்ணிலும் மாரியம்மன் கோயில் திடலிலும் நம் தகப்பன்மாருக்குக் கம்பு சொல்லிக் கொடுத்தவர் யார்? அவர் எந்த ஊர்க்காரர்? எந்தக் கங்காணியோடு, எந்த ஆண்டில் கப்பலேறியவர்? அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? ஐயாயிரம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லும் நாம், இந்த எண்பது ஆண்டுக் கணக்கைக் கேட்டால் விழிக்கிறோம். இது பெருமைப்படத்தக்க நிலையா?

தோட்டத்தைப் பற்றி எழுதி வைக்கப்படாமல் இல்லை. எழுதியவர் யார், எதை எழுதினார் என்பதே கேள்வி. தோட்ட ஆபீசில் செக்ரோல் இருந்தது. அதில் ஆளின் பெயர் இருந்தது, பெரட்டுக்கு வந்த நாள் இருந்தது, நிறுத்துப் போட்ட பாலின் எடை இருந்தது. தொழில் இலாகாவின் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்ற தொகை இருந்தது. ஆனால் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய மனிதன் மாலையில் என்ன செய்தான் என்று எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. அவன் உழைப்புக்குக் கணக்கு உண்டு. அவன் கலைக்குக் கணக்கில்லை. அந்தக் கணக்கு ஆசான்மாரின் நெஞ்சிலும் காலடியிலும் மட்டுமே இருக்கிறது. ஓர் ஆசான் கண்ணை மூடினால் ஒரு புத்தகமே எரிந்து போகிறது.

நாளும் அதிகமில்லை, தோழர்களே! நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் பத்து வயதுப் பையனாகக் கம்பு பிடித்தவர் இன்று எண்பதை நெருங்கிக் கொண்டிருக்கிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் 1938க்கு முன் வந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். ஏனென்றால் அந்த ஆண்டிலேதான் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இடையில் சப்பான்காரன் ஆட்சி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு நம்மவர்களை ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துப் போனார்கள். போனவர்களில் எத்தனை வாத்தியார்கள் இருந்தார்களோ! அவர்களோடு எத்தனை வரிசைகள் அந்தக் காட்டிலே புதைந்தனவோ! தப்பி நின்றவர்களிடம் கற்றவர்களே இன்று நம்மிடையே எஞ்சியிருக்கும் முதியவர்கள். அவர்களோடு சங்கிலி அறுமானால் பிறகு ஒட்டவைக்க எவராலும் ஆகாது.

மண்ணும் நம்மிடம் இல்லை. 1950களிலே தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். பின்னர் சிலாங்கூரில் ரப்பர் நின்ற இடமெல்லாம் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் கடை வரிசையுமாக மாறின. பக்கத்துப் பக்கத்து லயத்தில் பிறந்த பிள்ளைகள் அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கிறார்கள். கம்பு சுழன்ற திடல் எங்கே என்று காட்ட ஒரு வேப்பமரமாவது மிஞ்சியிருக்கிறதா? திடல் போனபின், அந்தத் திடலை நினைவில் வைத்திருப்பவரே நமக்குத் திடல்.

"சம்பளப் பிரச்சினை, வீட்டுடைமைப் பிரச்சினை இவ்வளவு இருக்கத் தொழிற்சங்க ஏட்டில் சிலம்பம் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் போராட்ட வரலாற்றிலேயே இருக்கிறது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நாம் மறக்கலாகாது. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் நம் மக்கள் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிர் துறந்தனர். கையில் ஆயுதமில்லாத, தலைமுறை தலைமுறையாகக் குனிந்து பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கூட்டம் திடீரென்று எப்படி நிமிர்ந்தது? பத்திரிகையும் கூட்டமும் தந்த விழிப்பு பெரிது. மாலை வேளையில் திடலில் கம்பெடுத்து நின்ற பழக்கத்துக்கும் அந்த நிமிர்விலே பங்கு உண்டா? இதை அதிகாரிகளின் கோப்பு சொல்லாது. தகப்பன் வாயால் கேட்ட பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும்.

போர் முடிந்த பிறகு 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவிலே தொண்டர் படை எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி அதற்குத் தலைவர். கள் குடியை ஒழிக்க இளைஞர்கள் அணிவகுத்தார்கள், பயிற்சி எடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் நேதாஜியின் படையிலிருந்து திரும்பியவர்களின் முறை எவ்வளவு, தோட்டத்துச் சிலம்ப வாத்தியாரின் முறை எவ்வளவு? இதுவும் கேட்க வேண்டிய கேள்வியே.

கேள்வியை ஒரு பக்கமாக மட்டும் கேட்கவும் கூடாது. கம்பு எப்போதும் தொழிலாளியின் பக்கமே நின்றது என்று நாம் எண்ணிக்கொண்டால் அது வரலாறு ஆகாது, ஆசை ஆகும். கங்காணிக்கு அடியாளாக நின்ற கம்பு உண்டா? சாதி பார்த்து, இன்ன லயத்துப் பிள்ளை வரலாம், இன்ன பிள்ளை வரக்கூடாது என்று தள்ளி நிறுத்திய வாத்தியார் உண்டா? பெண் பிள்ளைக்குக் கற்றுத் தந்தவர் உண்டா, மறுத்தவர் உண்டா? திருவிழாச் சண்டையிலே கம்பு இறங்கியபோது ஆசான் என்ன செய்தார்? கசப்பான விடை வந்தாலும் எழுதிக்கொள்வோம். நம் பிள்ளைகளில் சிலர் இன்று குண்டர் கும்பலின் பின்னால் போகிறார்களே, அவர்களிடம் "கம்புக்கு ஓர் ஒழுக்கம் இருந்தது" என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஒழுக்கம் எங்கே காக்கப்பட்டது, எங்கே உடைந்தது என்று நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா?

கேட்டு எழுதினால் என்ன பயன் விளையும் என்பதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. சப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவு கராத்தே பிறந்த மண். அங்கே 1936ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், "ரியூக்கியூ ஷிம்போ" என்ற நாளிதழ் நாஹா நகரில் கராத்தே ஆசான்களை அழைத்து ஒன்றாக உட்கார வைத்தது. ஹனாஷிரோ சோமோ, கியான் சோத்தோக்கு, மொத்தோபு சோக்கி, மியாகி சோஜுன் முதலிய பெரியவர்கள் வந்தார்கள். ஒருவர் முறையும் மற்றவர் முறையும் ஒன்றல்ல. ஆயினும் கூடிப் பேசினார்கள். கலையின் பெயரை "சீனக் கை" என்ற பொருளில் எழுதுவதா, "வெறுங்கை" என்ற பொருளில் எழுதுவதா என்று விவாதித்தார்கள். அந்தப் பேச்சு முழுவதும் எழுத்தில் பதிவாயிற்று. ஒன்பதே ஆண்டு கழிந்து 1945இல் போர் அந்தத் தீவைச் சுட்டெரித்தது. கியானும் ஹனாஷிரோவும் அதே ஆண்டில் மறைந்தார்கள். அந்த ஒரு நாள் பேச்சை எழுதி வைத்திராவிட்டால் அவர்கள் வாய்ச்சொல் நமக்கு எட்டியிருக்குமா? 2005ஆம் ஆண்டு ஒக்கினாவா மன்றம் அக்டோபர் 25ஐக் கராத்தே நாளாகவே அறிவித்தது. செய்தது ஒரு படையல்ல, பல்கலைக்கழகமல்ல; ஒரு பத்திரிகை!

நமக்கு அருகில் கேரளத்துக் களரியும் இதே பாடத்தைச் சொல்கிறது. மங்கிக் கிடந்த அந்தக் கலையைக் காக்கக் கோட்டக்கல் கணாரன் குருக்கள் பல ஆசான்களைத் தேடிச் சென்று, ஒவ்வொருவரிடமும் எஞ்சியிருந்ததைச் சேர்த்தார். அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயர் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். அண்டையிலுள்ள சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யவென்று 1979இலேயே ஒரு பிரிவு அமைத்துவிட்டார்கள். நம் நாட்டில் மலாய்ச் சகோதரர்களின் சிலாட் 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. அதைக் கண்டு பொறாமைப்பட வேண்டியதில்லை. எவரிடமிருந்து எவருக்கு வந்தது, எங்கே எப்படிப் பயிலப்படுகிறது என்று எடுத்துக்காட்ட முடிந்தவருக்கே இத்தகைய இடம் கிட்டும். நாம் எதைக் கொண்டுபோய் வைக்கப் போகிறோம்? மேடைப் பேச்சையா?

ஆகவே கேட்போம். ஆனால் கேட்கத் தெரிந்து கேட்போம். "ஐயா, சிலம்பத்தின் சிறப்பைச் சொல்லுங்கள்" என்றால் அவரும் ஐயாயிரம் ஆண்டையே சொல்வார். "உங்கள் முதல் கம்பை எந்தக் காட்டில் வெட்டினீர்கள்?" என்று கேளுங்கள். ரோத்தான் எங்கே கிடைத்தது, நெருப்பில் எப்படி வாட்டி நிமிர்த்தினார்கள், நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டியது யார் என்று ஒவ்வொன்றாய் வரும். "வாத்தியாருக்குத் தட்சணை என்ன கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள், அந்நாள் கூலியின் கதையும் சேர்ந்து வரும். "மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போக வேண்டுமே, இராத்திரி எத்தனை மணி வரை ஆடினீர்கள்?" என்று கேளுங்கள், தோட்டத்து வாழ்க்கையே வரும். சலாம் வரிசை எப்படித் தொடங்கியது என்று வாயால் சொல்லத் திணறுவார். கையில் ஒரு கம்பைக் கொடுங்கள், கால் தானே சொல்லும். அதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். குறவஞ்சி, துடுக்காண்டம், நாகம் பதினாறு என்று வரிசைகளுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. அவர் வாயில் என்ன பெயர் வருகிறதோ அதையே எழுதுங்கள். புத்தகத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள்.

ஆசான்மாருக்கும் ஒரு வார்த்தை. வர்மத்தின் நுட்பத்தையும் குருவுக்கு வாக்குக் கொடுத்து மறைத்து வைத்ததையும் வெளியிடுங்கள் என்று எவரும் உங்களைக் கேட்கவில்லை. அது உங்கள் உரிமை. நாங்கள் கேட்பது பூட்டின் திறவுகோலை அல்ல, வீட்டின் வரலாற்றை. ஒரு கூடத்தார் சொல்வதை இன்னொரு கூடத்தார் மறுக்கலாம். மறுக்கட்டும்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்போம். எது சரி என்று பின்வருவோர் ஆராய்ந்து கொள்வர். ஒன்றுமே எழுதாமல் போனால் ஆராய என்ன இருக்கும்?

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்தில் எழுபது வயது கடந்த சிலம்பக்காரர்களின் பெயர்ப் பட்டியலை எடுக்க வேண்டும். ஆசான் என்று பெயர் பெற்றவரை மட்டுமல்ல, திருவிழாவிலே கம்போடு முன்னே போனவரையும், அவருக்குத் தப்படித்தவரையும், திடலோரம் நின்று பார்த்த பாட்டிமாரையும் சேர்த்து. இரண்டாவது, பேச்சைக் கேட்கும் வேலை பால்வெட்டுத் தோழர்களுடையது. எழுதிச் சீர்செய்யும் வேலை கிராணிமாருடையது. செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் கஞ்சியில் கை வைத்ததாகும் என்று அறிந்தவர்கள் அவர்கள். நாளும் ஊரும் பெயரும் பிசகாமல் எழுத அவர்களைவிடத் தக்கவர் யார்? எழுதியதைப் பெரியவரிடம் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பிறகே ஏட்டில் ஏற்ற வேண்டும். மூன்றாவது, ஒரு படி அவர் குடும்பத்துக்கு, ஒரு படி சங்கத்துக்கு, ஒரு படி தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்துக்கு என்று வைக்க வேண்டும். ஒரே அலமாரியை நம்பினால் கறையானை நம்பியதாகும்.

தொடக்கம் செலாயாங்கில் ஆகட்டும். காரணம் உண்டு. பத்துமலை நம் வாசலில் இருக்கிறது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படும் அந்த மலையடிவாரத்துக்கு ஆண்டுதோறும் நாடெங்குமிருந்து நம் மக்கள் வருகிறார்கள். பேராக் ஆசானைத் தேடிப் பேராக்குக்கும், கெடா ஆசானைத் தேடிக் கெடாவுக்கும் அலைவதில் பாதியை அந்த ஒரு நாள் மிச்சப்படுத்தும். ஒரு பந்தலும் நான்கு நாற்காலியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒக்கினாவாவில் ஒரு பத்திரிகை செய்ததை, நம் சங்கமும் நம் ஏடும் செய்யமாட்டாமல் போவானேன்?

கிளைச் செயலாளர்களே, வருகிற செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். தீர்மானம் நிறைவேறும் வரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் லயத்திலோ அடுக்குமாடியிலோ இருக்கிற ஒரு பெரியவரின் கதவைத் தட்டுங்கள். வெற்றிலை பாக்கு வைத்து வணங்கி, பக்கத்தில் உட்காருங்கள். "தாத்தா, உங்களுக்குக் கம்பு கொடுத்தவர் யார்?" என்று கேளுங்கள். மீதியை அவர் சொல்வார்.